இடுப்பில் விட்ட அரை அங்குலம்

எங்கள் தெருவில் அக்காவை 'அரை அங்குலம்' என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பாள். புதிதாகக் குடிவருபவர்கள் அது அவள் உயரத்தைக் கிண்டல் செய்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா குள்ளம்தான், ஆனால் பெயர் வந்தது தையலால், அதுவும் இந்தக் கதை தெருவுக்குத் தெரிந்த பிறகு.

கடை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டின் முன்னறைதான். ஒரு வெட்டுமேசை, இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி, மூலையில் உடுப்பு மாற்றிப் பார்க்க ஒரு திரை. அக்கா வெட்டுவாள், தைப்பாள். நான் அவள் தங்கை; காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன், அளவு நோட்டு எழுதுவேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் அளவு கொடுக்க வந்தார். அக்கா டேப்பை அவர் இடுப்பில் சுற்றி, உள்ளதை உள்ளபடி உரக்கச் சொன்னாள். டீச்சர் திரைக்குப் பின்னால் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்றைக்கே அக்கா ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். அளவைச் சொல்லும்போது அவள் அரை அங்குலம் குறைத்துச் சொல்வாள். எழுதும்போது நான் அரை அங்குலம் கூட்டி எழுத வேண்டும். "சொல்றது அவங்களுக்கு, எழுதுறது நமக்கு" என்றாள். எனக்கு மறந்துபோகாமல் இருக்க, சொல்லும்போதே என் காலை ஒரு மிதி மிதிப்பாள். வந்தவர் கண்ணாடியைப் பார்த்துப் பூரித்துப்போவார். தைத்து வாங்கும் உடுப்பும் கச்சிதமாக இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நானும் நம்பினேன்.

அக்காவுக்கு இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. எந்த உடுப்பைத் தைத்தாலும் தையலுக்கு உள்பக்கம் தாராளமாகத் துணி விடுவாள். "உடம்பு நம்மளக் கேட்டுட்டா ஊதும்?" என்பாள். அடுத்தது, எதையும் வீணாக்க மாட்டாள். வெட்டின துண்டுகள் நிறவாரியாக மூட்டைகளில் இருக்கும். அறுந்த நூல்கூட ஒரு பாட்டிலுக்குள் போகும். அந்த நூலை வைத்து இதுவரை யாரும் எதுவும் தைத்ததில்லை; ஆனால் பாட்டில் இருக்கிறது.

அத்தானை வண்டியை விட்டு இறக்கியவை இந்த மூன்று நல்ல பழக்கங்கள்தான். கெட்ட பழக்கம் என்று அக்காவிடம் எதுவும் கிடையாது.

அத்தான் பஸ் டிரைவர். இருபத்தோரு வருஷமாகப் பதினாலாம் நம்பர் வண்டி. ரயிலடியில் கிளம்பி, ஆஸ்பத்திரியைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, மில் வாசலில் திரும்புகிற தடம். வீட்டிலும் அவர் டிரைவர்தான். சாப்பிட்டு முடித்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். தெருமுனையில் நடந்து திரும்பும்போது அந்தப் பக்கத்துக் கை தானாக லேசாக எழும்பும். அதிகம் பேசாத மனிதர். ஆனால் பிரேக் பிடித்தது பின்சீட்டில் தூங்குகிற குழந்தைக்குத் தெரியக்கூடாது என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் பேசுவார்.

உட்கார்ந்தே செய்யும் வேலையும் டிப்போ கேன்டீன் எண்ணெயும் சேர்ந்து, அவர் வயிறு ஸ்டியரிங்கைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டிப்போவில் டிரைவர்கள், மெக்கானிக்குகள் எல்லோருக்கும் மெடிக்கல் வைத்தார்கள். எடை தொண்ணூற்றொரு கிலோ. சுகர் கூடுதல். இடுப்பு நாற்பது அங்குலம். மூன்று மாதம் அவகாசம், அதற்குள் எடையையும் சுகரையும் இறக்காவிட்டால் வண்டி கிடையாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வண்டிக்குப் பதில் தொலைந்த பொருள் கவுண்டர். பயணிகள் விட்டுவிட்டுப் போகிற குடை, டிபன் பாக்ஸ் வகையறாவுக்குச் சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குகிற உத்தியோகம்.

"ஒத்தச் செருப்புக்கு என்னைக் காவல் வைக்கப் போறாங்க" என்றார் அத்தான். அன்றைக்கு அவர் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"சம்பளம் அதேதானே அத்தான்?" என்று கேட்டுவைத்தேன்.

"சம்பளமா வண்டி ஓட்டுது?"

அக்காதான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இப்ப என்ன ஆயிப்போச்சு? மூணு மாசம் இருக்குல்ல? தேதி குடுத்தா நான் என்னிக்காவது தவறியிருக்கேனா?"

நிறையத் தடவை தவறியிருக்கிறாள். அதை அன்றைக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் கொடுத்த சீட்டில் விஷயம் சுருக்கமாக இருந்தது: மாவுச்சத்தும் கொழுப்பும் குறைவு, புரதம் அதிகம், கேன்டீன் கூடாது, மதிய உணவும் இடையில் கொறிப்பதும் வீட்டிலிருந்தே டப்பாவில் வர வேண்டும். அக்கா அந்தச் சீட்டை உடுப்பு மாதிரிப் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மறுநாளே வேலையில் இறங்கிவிட்டாள்.

காலையில் பன்னிரண்டு முட்டை உடைப்பாள். வெள்ளைக்கருவை மட்டும் தனியாக எடுத்து, பொடியாக நறுக்கிய கீரை, மிளகு, உப்பு போட்டு அடித்து, அகலத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைப்பாள். ஆறினதும் அதை முழுசாக உரித்து விரிப்பாள். கிழியாமல் உரித்தால்தான் அவளுக்குத் திருப்தி. தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைக் கொத்தி, வெங்காயத்தாள் சேர்த்து, எண்ணெய் இல்லாமல் தண்ணீர் தெளித்து வதக்கி, அதன் மேல் பரப்பிச் சுருட்டுவாள். பிறகு அடுப்படிக்கென்றே வாங்கிய ஜிக்ஜாக் கத்தரியால் துண்டு போடுவாள். ஓரமெல்லாம் பல் பல்லாக அழகாக இருக்கும். "ஓரம் பிரியாது பாரு" என்பாள், முட்டையைப் பார்த்து.

ஆடை எடுத்த தயிரை லைனிங் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டால், தண்ணீர் வடிந்து கெட்டியாகிவிடும். அதில் பூண்டு தட்டிப் போட்டு, தொட்டுக்கொள்ள வெள்ளரித் துண்டு வைப்பாள். கொறிக்க, ஊறவைத்து அவித்து மொறுமொறுவென்று வறுத்த சோயா. எல்லாம் தனித்தனிச் சின்ன டப்பாக்களில், டப்பா மேல் தையல் சாக்கால் மணி எழுதியிருக்கும்: பத்தரை, ஒன்று, நாலு. ஒரு நாள் சுருள் பிரிகிறது என்று அவசரத்தில் குண்டூசி குத்தி அனுப்பிவிட்டாள். அத்தான் அதைப் பத்திரமாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல்காரி புருஷனுக்குச் சாப்பாட்டில் ஊசி வருவது பெரிய சமாசாரமில்லை.

டப்பாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை கிண்ணத்தில் இருந்தது.

பன்னிரண்டு வெள்ளைக்கரு டப்பாவுக்குப் போனால் பன்னிரண்டு மஞ்சள்கரு கிண்ணத்தில் மிஞ்சும். "தூக்கிப் போடுறதா? கை கூசாது?" என்று கேட்டாள் அக்கா. நூலையே தூக்கிப் போடாதவள். ஆகவே மஞ்சள்கருவெல்லாம் தினமும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து புட்டிங்காக மாறின. காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கரண்டி, எனக்கு இரண்டு கரண்டி. அத்தான் ஆறு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வீடெல்லாம் வாசனை தூக்கும்.

"நாள் முழுக்க அந்த வெள்ளையவே தின்னுட்டு வர்ற மனுஷன். ருசி பாக்க ஒரு கிண்ணம் குடுத்தா குடியா முழுகிடும்?" என்று அக்கா நியாயம் கேட்பாள்.

"சீட்டுல மத்தியானத்தப் பத்தித்தானே போட்டிருக்கு?" என்று அத்தானும் ஒத்து ஊதுவார்.

ஆக, முட்டையின் வெள்ளை பகலிலும் மஞ்சள் மாலையிலும், மேற்கொண்டு சர்க்கரையோடு, ஒரே வயிற்றில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. புட்டிங் பிரமாதமாக இருந்தது. அதனால் அந்த நாட்களில் நான் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

எடை மெஷின் வாங்கலாம் என்று அத்தான் சொன்னதற்கு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அது ஒரு சொம்பு தண்ணி குடிச்சாலே ஏறும். டேப்பு பொய் சொல்லாது" என்றாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடி முன்னால் நிற்கவைத்து அளப்பது என்று முடிவாயிற்று. அத்தானுக்கும் அளவு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். முதல் வரியில் நாற்பது.

இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள் அத்தான் மதிய டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்து மேசையில் தள்ளிவைத்தார். முகம் செத்திருந்தது. "நாளைக்கு அளந்து பாரு. குறையலேன்னா டப்பா வேணாம். கேன்டீன்லயே சாப்பிட்டுக்கறேன். இறக்குறதா இருந்தா இறக்கட்டும்."

மறுநாள் அக்கா டேப்பைச் சுற்றினாள். நான் பேனாவோடு நின்றேன். டேப்பில் நாற்பதுதான் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து எனக்கும் தெரிந்தது. அத்தான் கண்ணாடிக்குள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"முப்பத்தொம்பதரை" என்றாள்.

நான் நாற்பது என்று எழுதினேன். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகக் கூட்டி எழுதிவிட்டது. அத்தானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அத்தான் யோசிக்கிற ஆள். திங்கட்கிழமை யூனிஃபார்ம் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, "அரை இஞ்ச் குறைஞ்சா பேன்ட் லூசாகணுமே?" என்று கேட்டார்.

"துணிக்குத் தெரிய ரெண்டு நாள் ஆகும்" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை, அவர் குளிக்கப் போன நேரத்தில் துணிக்குத் தெரிவித்தாள். பேன்ட்டின் பின்பக்கத் தையலைப் பிளேடால் பிரித்து, உள்ளே விட்டுவைத்த துணியிலிருந்து அரை அங்குலம் வெளியே எடுத்து, புதிதாக ஒரு தையல் ஓட்டி, இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். அத்தான் வந்து மாட்டினார். இடுப்புக்கும் பேன்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தார். "ஏய், நிஜமாத்தான்!" என்று அடுப்படி வரைக்கும் ஓடிவந்து காட்டினார். அன்று டப்பாவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அத்தானுக்கு யூனிஃபார்ம் இரண்டு செட். ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில். இரண்டாவதைப் பிரிக்க அக்கா மறந்துவிட்டாள். மறுநாள் அவர் அதைப் போட்டுவிட்டு அலறியடித்துக்கொண்டு வந்தார். "நேத்து குறைஞ்சது இன்னிக்கு ஏறிடுச்சே!"

"சோப்புத் தண்ணில துணி சுருங்கியிருக்கும். கழட்டிக் குடுங்க, இழுத்து இஸ்திரி போடுறேன்" என்றாள் அக்கா, கண்ணிமைக்காமல். அதன் பிறகு இரண்டு பேன்ட்டையும் சேர்த்தே பிரித்தாள். சட்டைக்கும் பக்கத் தையல். பெல்ட் உட்கார்ந்தால் வயிற்றை அறுக்கிறது என்று அத்தான் எப்போதோ விட்டுவிட்டார். இல்லாவிட்டால் பெல்ட்டின் ஓட்டை அன்றைக்கே காட்டிக் கொடுத்திருக்கும்.

அடுத்த அளவு: வாயில் முப்பத்தொன்பது, நோட்டில் நாற்பதரை. கூட்டி எழுத வேண்டியது அரை அங்குலம் என்ற கணக்கு அத்தோடு போயிற்று. அக்கா இறங்கிக்கொண்டே போனாள், டேப் ஏறிக்கொண்டே போனது, இரண்டுக்கும் நடுவில் பேன்ட் அகன்றுகொண்டே போனது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அக்கா, இவரு கஸ்டமர் இல்ல. உன் புருஷன்."

"தெரியும்டி. இன்னும் ரெண்டு வாரம் போனா நிஜமாவே குறைஞ்சிடும். அப்ப தையலப் பழையபடி உள்ள தள்ளிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்ப அந்தப் புட்டிங்கையாவது நிறுத்து."

அக்கா என்னை உண்மையிலேயே புரியாமல் பார்த்தாள். "அப்ப அவ்வளவு மஞ்சளயும் என்ன செய்யுறது?"

டிப்போவில் இதற்குள் அத்தான் ஒரு பெரிய மனிதராகிவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார். கட்டைவிரலை இடுப்புக்குள் விட்டுப் பேன்ட்டை முன்னால் இழுத்துக் காட்டுவாராம். "பாரு, ரெண்டு இஞ்சு. மாவு இல்ல, கொழுப்பு இல்ல, எல்லாம் வீட்டுச் சாப்பாடு." டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு சுருள் கொடுத்து, செய்முறையும் சொல்லி அனுப்புவார். கூட்டம் சேர்ந்தது. அவரைப் போலவே அவகாசத்தில் இருந்த மெக்கானிக் ஒருவர், அண்ணே அண்ணே என்று அவர் பின்னாலேயே சுற்றி, அப்படியே வீட்டில் செய்ய ஆரம்பித்தார். மெக்கானிக் வீட்டில் புட்டிங் செய்யத் தெரியாது. மஞ்சள்கருவைத் தினமும் ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து டிப்போ நாய்க்கு வைத்தார். இரண்டு மாதத்தில் அந்த நாய் வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்து வெளியே வர முடியாத அளவுக்கு ஆகிவிட்டது. அதைப் பார்த்தாவது எங்களில் யாருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும்.

"அண்ணே, வாசல்ல எடை மெஷின் இருக்கு. ஒரு தடவை ஏறிப் பாத்துடலாமா?" என்று மெக்கானிக் கூப்பிட்டிருக்கிறார்.

"தையல்காரி வீட்டுக்காரனுக்கு எடை மெஷின் எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டாராம் அத்தான்.

பேன்ட்டை இறுக்கித் தரும்படி வேறு அக்காவைக் கேட்க ஆரம்பித்தார். "படி ஏறும்போது நழுவுது. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்." மெடிக்கல் முடியட்டும், ஒரேயடியாகப் பிடித்துத் தருகிறேன் என்று அக்கா தள்ளிப்போட்டாள். பத்தாவது வாரம் உள்ளே விட்ட துணி தீர்ந்துவிட்டது. அக்கா மூட்டையை அவிழ்த்து, யூனிஃபார்ம் தைத்தபோது மிஞ்சிய அதே நிறத் துண்டைத் தேடி எடுத்து, பின்பக்கம் முக்கோணமாக ஒட்டுப்போட்டாள். சட்டை மறைத்துக்கொண்டது. "பாத்தியா, எதையும் தூக்கிப் போடக்கூடாதுங்கறது இதுக்குத்தான்" என்று என்னிடம் சொன்னாள். அந்த வாரம் புட்டிங்கை அவள் தொடவில்லை. ஆனால் செய்தாள்.

மெடிக்கல் அன்று அத்தான் காலையிலேயே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். எங்கள் இருவரையும் பார்த்து, "சாயங்காலம் வந்து ஒரு விஷயம் சொல்றேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு நாலு தடவை ஆயிற்று.

அங்கே நடந்ததை மெக்கானிக் பின்னால் சொன்னார். அத்தான் வரிசையில் முதல் ஆளாக நின்றிருக்கிறார். எடை மெஷினில் சிரித்துக்கொண்டே ஏறியிருக்கிறார். தொண்ணூற்று நாலு. இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். தொண்ணூற்று மூன்று. "மெஷின் சரியில்ல டாக்டர்" என்றார். டாக்டரம்மா அடுத்து நின்ற மெக்கானிக்கை ஏறச் சொன்னார். மெக்கானிக் ஆறு கிலோ குறைந்திருந்தார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

"டேப்பால பாருங்க டாக்டர். டேப்பு பொய் சொல்லாது" என்றார் அத்தான்.

டாக்டரம்மா அளந்துவிட்டு, யாருடைய காலையும் மிதிக்காமல், "நாப்பத்தொண்ணரை" என்று சொன்னார். அத்தான் அந்த டேப்பைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, வெள்ளைக்கருச் சுருள், நெஞ்சுக்கறி, கெட்டித் தயிர், சோயா என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறார். டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? மஞ்சள்கருவ என்ன பண்றீங்க?"

"எங்க வீட்ல எதுவும் வீணாப் போகாது டாக்டர்" என்று அத்தான் பெருமையாகச் சொல்லி, புட்டிங்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "நீங்களும் சிரிச்சீங்களா?" என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார் மெக்கானிக். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு எந்த நியாயமும் இல்லை என்பதும் தெரிந்தது.

அத்தான் பதினாலாம் நம்பரில்தான் வீட்டுக்கு வந்தார், பின்சீட்டில், பயணியாக. வேறு யாரோ ஓட்டினார்களாம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியதாம். இது அவரே என்னிடம் சொன்னது, பல நாள் கழித்து.

வந்தவர் நேராக முன்னறைத் திரைக்குப் பின்னால் போனார். வெகு நேரம் வெளியே வரவில்லை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது வீட்டு உடுப்பில் இருந்தார். பேன்ட் அவர் கையில் இருந்தது, உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டி. அதை வெட்டுமேசையில் விரித்துப் போட்டார். பிரித்த தையல் துணியில் ஓட்டை ஓட்டையாக ஒரு வரி விட்டுப் போகும். அவர் டிரைவர்தான், ஆனால் தையல்காரியோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவர். விரல் வைத்து எண்ணினார். நாலு வரி. கடைசியில் அந்த முக்கோண ஒட்டு.

"நோட்டக் குடு" என்றார் என்னிடம்.

கொடுத்தேன். தன் பக்கத்தைப் புரட்டி மேலிருந்து கீழே படித்தார். நாற்பது, நாற்பது, நாற்பதரை, நாற்பதரை, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. பக்கத்தில் தேதிகள். என் கையெழுத்து எவ்வளவு தெளிவாக இருந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"அப்ப உனக்கும் தெரியும்" என்றார்.

அக்காதான் உடைந்தாள். "நீங்க டப்பாவத் தள்ளி வச்சீங்களே, இறக்குனா இறக்கட்டும்னு சொன்னீங்களே, அப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியலைங்க. பயந்துட்டேன். வண்டி இல்லாம வீட்ல உக்காந்தா நீங்க என்ன ஆவீங்கன்னு பயந்துட்டேன். அரை இஞ்ச்தானே, அதுக்குள்ள குறைஞ்சிரும்னு நெனச்சேன்."

அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இருபத்தோரு வருஷமா கண்ணாடியப் பாத்துப் பாத்து ஓட்டுனவன் நான்" என்றார். "பின்னால என்ன வருதுன்னு தெரியாம ஒரு அடி நகத்தினதில்ல. நீ என் கண்ணாடியவே திருப்பி வச்சிட்டியே."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைய மஞ்சள்கரு பன்னிரண்டும் அடுப்படியில் மூடிவைத்த கிண்ணத்தில் இருந்தன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போய் அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பினால் இரண்டு பேரும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தடுக்கவில்லை. அவள் வீட்டில் ஒரு பொருள் வீணாகப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

அத்தான் கண்ணாடி முன்னால் போய் நின்றார். வாடிக்கையாளர்கள் நிற்பதைப்போல இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டார்.

"அள" என்றார்.

"வேணாங்க. இன்னிக்கு வேணாம்."

"நாளைலேர்ந்து கவுண்டர்ல உக்காரணும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூப்பிடுவேன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அள. சத்தமாச் சொல்லு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முனையைப் பிடித்தாள். நான் பேனாவோடு அவள் பக்கத்தில் நின்றேன். பழக்க தோஷத்தில் என் கால் அவள் காலுக்குப் பக்கத்தில் போய்த் தயாராக நின்றது. அவள் மிதிக்கவில்லை.

"நாப்பத்தொண்ணரை" என்றாள். தெருவில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்குள் அத்தான் தலையை ஆட்டினார். நான் நாற்பத்தொன்றரை என்று எழுதினேன். கூட்டி எழுத ஒன்றும் இருக்கவில்லை.